எரிந்த மரத்துக்கும் பங்கு

ஏழுசுனை மலையின் கிழக்குச் சரிவில், கரிந்துபோன ஒரு வேங்கை மரத்தின் அடிக்கட்டை மேல் செவத்தி என்ற மலையணில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பாறைப் பிளவில் அதன் குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின.

மலையணில் கொப்பு விட்டுக் கொப்பு தாவிப் பிழைக்கிற பிராணி. மண்ணில் கால் வைப்பது அதற்குப் பழக்கமில்லை. ஆனால் இருபது நாளாகச் செவத்தி தரையில்தான் நடக்கிறது. தாவுவதற்கு மரம் வேண்டுமே! மாசி மாத நடுவில் பிடித்த தீ ஐந்து நாள் எரிந்தது. கிழக்குச் சரிவு முழுவதையும் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. அடிவாரத்தில் குளக்கரை மட்டும் பச்சையாக நின்றது. நடுவே ஓடை கிடந்ததால் தீ அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று காலையில் கணக்கர் கருமந்தி மேலே ஏறி வந்தது. மலைக்களஞ்சியத்தின் வரவு செலவெல்லாம் அந்தக் குரங்கின் பொறுப்பு. அதன் பின்னால் இரண்டு மரநாய்கள் காலிக் கூடைகளைச் சுமந்துகொண்டு தூக்கக் கலக்கத்தில் தள்ளாடி வந்தன.

தீயில் எல்லாம் போய்விட்டதே என்று பார்க்க வருகிறார்கள் போலிருக்கிறது! செவத்தி அவசரமாக எழுந்து வாலைத் தட்டிச் சாம்பலை உதிர்த்தது.

"வாங்க கணக்கரய்யா! இப்பவாவது வந்தீங்களே!"

"வராம எப்படி? பங்குனி பிறந்தாச்சே. உன் பங்கை எடு!" என்றது கணக்கர்.

அந்த மலையில் அப்படி ஒரு வழக்கம். யார் பொறுப்பில் எத்தனை மரம் இருக்கிறதோ, அதில் பத்து மரத்துக்கு ஒரு கூடை வீதம் காயோ கொட்டையோ களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். களஞ்சியத்திலிருந்துதான் காவல் கூலி, சுனை தூர்வாரும் கூலி எல்லாம் போகும்.

"பங்கா? எந்த மரத்துக்குய்யா?" என்று கேட்டது செவத்தி.

"உன் எண்பது மரத்துக்குத்தான். எட்டுக் கூடை!"

செவத்தி சுற்றும் முற்றும் பார்த்தது. கறுப்புக் குச்சிகள்தான் நின்றன. "கண்ணைத் திறந்து பாருங்க. ஒரு மரத்தைக் காட்டுங்க, பார்க்கலாம்!"

"நான் எதுக்குப் பார்க்கணும்? ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நானே மரத்துக்கு மரம் தாவி எண்ணுறேன். போன எண்ணிக்கையில உனக்கு எண்பது. அடுத்த எண்ணிக்கைக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் உனக்கு எண்பது மரம்தான்!"

"எரிஞ்சு போனதுகூடவா?"

"எரிஞ்சதுன்னு எண்ணிக்கையில இல்லையே!"

அதற்குள் ஒரு மரநாய் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டே பாறைப் பிளவுக்குள் எட்டிப் பார்த்தது. "ஐயா! இங்க கொட்டையா கிடக்கு! தான்றி, வேங்கை, புளி... நிறைய!"

செவத்தி ஓடிப்போய்ப் பிளவின் வாயை மறித்துக்கொண்டது.

"அதைத் தொடாதீங்க! அது திங்கறதுக்கு இல்ல. விதை! கல்லுக்குள்ள இருந்ததால தப்பிச்சது. சித்திரையில கோடை மழை விழுந்ததும் சரிவு பூரா ஊன்றணும். இப்ப ஊன்றினா சாம்பல் சூட்டுல வெந்துபோகும். அதான் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்!"

"எத்தனை கூடை தேறும்?"

பொய் சொல்லத் தெரியாத செவத்தி, "எட்டு" என்றது.

"அடடே, கணக்கு நேராயிடுச்சு!" என்று கணக்கர் கையைத் தட்டியது. "இன்னும் பத்து நாள்ல கோடை அவை கூடுது. அன்னிக்கு எட்டுக் கூடையும் வந்து சேரணும். நீயா கொடுத்தா மரியாதை. இல்லைன்னா இவங்க ரெண்டு பேரும் வந்து அள்ளிக்குவாங்க."

அன்று முழுவதும் செவத்தி சரிவைச் சுற்றி வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லாரிடமும் இதே கதை. உடும்பு, முயல், முள்ளம்பன்றி என்று கிழக்குச் சரிவில் மிஞ்சியவர்கள் யாரையும் கணக்கர் விடவில்லை. இவரிடம் இத்தனை, அவரிடம் அத்தனை என்று மொத்தம் அறுபது கூடை விதை! சரிவில் தப்பிப் பிழைத்த விதையே அவ்வளவுதான்.

மறுநாள் செவத்தி தலைவரைப் பார்க்கக் குளக்கரைக்கு இறங்கியது. தீக்கு முன்பெல்லாம் மரம் விட்டு மரம் தாவி இரண்டே நாழிகையில் வந்துவிடும். இப்போது தரையில் நடந்து வந்ததில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. காட்டுக்கோழி வெள்ளத்தாயியும் துணைக்கு வந்தது. அதற்கும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது.

மலைத் தலைவரான கடமான் குளத்தோரம் நாணல் மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கணக்கர். அதன் கழுத்தில் ஒரு வாடின பூமாலை.

"அந்த மாலையை இன்னும் கழட்டலையா கணக்கரே?" என்று வெள்ளத்தாயி ஆரம்பித்தது. "செவத்தியக்கா, உனக்குத் தெரியுமா, அது எதுக்குப் போட்ட மாலைன்னு? வருஷா வருஷம் தை மாசம் எங்க கோழிக் கூட்டம் சரிவுக்குக் குறுக்கால பத்தடி அகலத்துக்குச் சருகைச் சீய்த்து ஒதுக்கும். அந்தத் தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டி நெருப்பு வராது. கூலி இருபது கூடை தானியம். இந்தப் புண்ணியவான் மூணு வருஷமா அதை நிறுத்தி, அறுபது கூடை மிச்சம் பிடிச்சாராம்! சிக்கனச் செம்மல்னு பட்டம் வேற!"

"மிச்சம் பிடிச்சது பிடிச்சதுதானே!" என்றது கணக்கர்.

"அந்த அறுபது கூடை இப்ப எங்க?"

கணக்கர் தலையைச் சொறிந்தது. தலைவர்தான் பதில் சொன்னது. "தீயை அணைக்க அடுத்த மலை யானைகளைக் கூப்பிட்டோம்மா. கூலி நூற்றைம்பது கூடை. நம்மகிட்ட அவ்வளவு இல்ல. அந்த மலைப் பன்றிங்ககிட்ட வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கொடுத்தோம்."

"யானைங்க வந்தப்போ தீ அணைஞ்சு ரெண்டு நாளாச்சு தலைவரே! வந்ததுங்க பத்து நாள் தங்கி, மிச்சமிருந்த மூங்கிலையும் தின்னுட்டுப் போச்சுங்க!"

"வழி தூரம். அவங்களும் என்ன செய்வாங்க?" என்று தலைவர் முனகியது. தலைவர் கெட்ட பிராணி இல்லை. கடனும் தலைவலியும் தாங்காமல் யார் கடைசியாகப் பேசினாலும் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தது.

செவத்தி முன்னால் வந்தது. "ஐயா, எங்களுக்கு நிவாரணம் கொடுக்கிறதாச் சொன்னீங்க. வந்து வரிசையில நின்னேன். என்ன கேட்டாங்க தெரியுமா? உன் மரத்துப் பட்டையில உன் நகக்கீறல் வச்சுக் கொண்டு வா, அதுதான் சாட்சின்னாங்க. மரமே எரிஞ்சு போச்சு, பட்டைக்கு எங்கய்யா போவேன்? பட்டை வச்சிருந்தது யாரு? தீயே படாத குளக்கரைக்காரங்க! புகையில மூச்சு முட்டிச்சுன்னு சொல்லி ஆளுக்கு ஒரு கூடை வாங்கிட்டுப் போனாங்க!"

குளத்தில் மூழ்கி எழுந்த நீர்நாய் ஒன்று சட்டென்று மறுபடி மூழ்கிக்கொண்டது.

"நிவாரணம் கேட்டா மரம் இல்லைங்கறீங்க. பங்கு கேக்கறப்போ மரம் இருக்குங்கறீங்க. எங்களுக்கு மரம் இருக்கா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க!"

தலைவர் கணக்கரைப் பார்த்தது. கணக்கர் நெஞ்சை நிமிர்த்தியது.

"இருக்கு! கிழக்குச் சரிவுல அறுநூறு மரம். இந்த மலையிலேயே அதிக மரம் அங்கதான். களஞ்சியத்துக்குப் பாதி வரவு அங்கேருந்துதான் வருது. அதை இல்லைன்னு சொன்னா களஞ்சியம் என்ன ஆகும்? எண்ணிக்கை எண்ணிக்கைதான்!"

"அதிக மரம் எங்க சரிவுலதானா?" என்று செவத்தி கேட்டது.

"ஆமா!"

"அப்போ கோடை அவையும் எங்க சரிவுலதான் கூடணும்! அதிக மரம் இருக்கிற இடத்துல, நல்ல நிழல்ல, உச்சிப்பொழுதுல அவை கூடணும்ங்கறதுதானே வழக்கம்? எல்லாரும் வாங்க. விருந்தும் எங்களோடதுதான்!"

வெள்ளத்தாயி கொக்கரித்துச் சிரித்தது. கணக்கர் அங்கே நிழல் இல்லை என்று சொன்னால் மரம் இல்லை என்று ஆகிவிடும். மரம் இல்லை என்றால் பங்கும் இல்லை.

"வழக்கம் வழக்கம்தான். வர்றோம்மா" என்றது தலைவர்.

பத்தாம் நாள் உச்சிப்பொழுதில் மொத்த அவையும் மேலே ஏறியது. கடமான், கரடி, நீர்நாய்கள், மயில்கள், காட்டுமாடுகள், குளக்கரை முயல்கள் என்று எழுபது எண்பது பேர். பாதி வழியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் பறந்தது. பாறை அடுப்பு மாதிரி கொதித்தது.

செவத்தி ஓடிவந்து வரவேற்றது. "வாங்க வாங்க! தலைவரே, நீங்க இந்தப் பெரிய வேங்கை நிழல்ல உட்காருங்க. கரடியண்ணே, உங்களுக்கு அந்த நாவல் மரத்தடி. கணக்கரே, நீங்க உச்சாணிக் கொப்புல ஏறிக்கலாமே!"

தலைவர் கரிக்கட்டை பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டது.

"எப்படி இருக்கு நிழல்?" என்று வெள்ளத்தாயி கேட்டது.

"குளுகுளுன்னு இருக்கு!" என்றது கணக்கர். அதன் கறுப்பு முகத்தில் வியர்வை ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு விருந்து வந்தது. இலை ஏது? தட்டைக் கல்லில் வைத்து ஆளுக்கு ஒரு கை கரித்துண்டு!

"என்ன இது?" என்று கரடி உறுமியது.

"எங்க அறுநூறு மரத்துல இந்த வருஷம் விளைஞ்சது இதுதான் அண்ணே. பங்குக்கும் இதையே எடுத்துக்குங்க. எத்தனை கூடை வேணும்? அறுபதா? ஆறாயிரமே தர்றோம்!"

கரடி ஒரு துண்டைக் கடித்துத் துப்பியது. தலைவர் மெதுவாக நாலு பக்கமும் பார்த்தது. தீக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக அது அங்கே வந்திருந்தது.

"கணக்கரே, இங்க மரம் இல்லையே" என்றது தலைவர்.

செவத்திக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்பாடா! இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு! குட்டிகளுக்கு ஒரு கொப்பாவது முளைக்கும். அது முளைத்து வளர வருடங்கள் ஆகட்டும், பரவாயில்லை. விதை தப்பித்துவிட்டது.

ஆனால் கணக்கர் சும்மா இருக்குமா?

"சரி தலைவரே, ஒத்துக்கறேன். அடுத்த வருஷத்துலேருந்து எரிஞ்ச மரத்தைக் கழிச்சிடலாம். ஆனா இந்த வருஷப் பங்கு இல்லாம பன்றிக் கடனை எப்படி அடைக்கிறது? ஒண்ணு, இவங்க விதையைக் கொடுக்கணும். இல்லைன்னா குளக்கரைக்காரங்க ரெட்டைப் பங்கு கொடுக்கணும். அவையே முடிவு செய்யட்டும்!"

"ரெட்டைப் பங்கா? எங்க மரமா எரிஞ்சது?" என்று நீர்நாய் கத்தியது.

"நீங்க குடிக்கிற தண்ணி எங்க சரிவு வழியாத்தான் வருது!" என்று செவத்தி கூவியது. "வேர் இல்லாத மண்ணு நிக்காது. விதை ஊன்றலைன்னா ஆடி மழைக்கு மொத்தச் சரிவும் உங்க குளத்துலதான் வந்து விழும்! கொஞ்சம் யோசிங்க!"

யோசிப்பதற்கு அது இடமா? தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. மயில்கள் தோகையைத் தலையில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கின. கணக்கர் அதைக் கவனித்தது. உடனே குரலை உயர்த்தியது.

"விதையை எடுக்கலாம்கிறவங்க, ஓடைக்கு அந்தப் பக்கம் நிழல்ல போய் நில்லுங்க! வேண்டாம்கிறவங்க இங்கேயே வெயில்ல நில்லுங்க. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது!"

அவ்வளவுதான். புழுதி பறந்தது! கரடி முதலில் ஓடியது. காட்டுமாடுகள் பின்னால் ஓடின. நீர்நாய்கள் உருண்டன. தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துத் தயங்கியது. பிறகு அதுவும் தலையைக் குனிந்துகொண்டு நிழலுக்குப் போய்விட்டது.

வெயிலில் நின்றது பதினோரு பேர். அத்தனை பேரும் எரிந்த சரிவுக்காரர்கள். கணக்கர் நிழலில் நின்றுகொண்டு அந்தப் பதினோரு பேரையும் மிக மிக மெதுவாக எண்ணியது.

அன்று சாயங்காலத்துக்குள் மரநாய்கள் விதையை அள்ளிவிட்டன. செவத்தி பிளவின் வாயில் நின்று மறித்தது. ஒரு மரநாய் அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனது. "என்மேல கோவப்படாத அக்கா, நான் சுமக்கிறவன்தான்" என்றது. எட்டுக் கூடையும் போயின. பிளவின் தரையை நக்கித் துடைத்தது போல் ஆக்கிவிட்டார்கள்.

சரிவு முழுக்க அள்ளிய அறுபது கூடையும் கடனுக்கா போயிற்று? கேளுங்கள் இந்த அநியாயத்தை! கொளுத்துகிற வெயிலில் அவைக்கு வந்து சிரமப்பட்டார்கள் என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் வெயிற்படி என்று அரைக்கூடை. அதிலேயே நாற்பது கூடை தீர்ந்தது. மிச்சம் இருபது பன்றிகளுக்கு வட்டி. அசல் அப்படியே நின்றது. புளியங்கொட்டையை வறுத்துத் தின்றால் நல்ல ருசி என்று குளக்கரை முழுக்கப் பேச்சு.

சித்திரையில் கோடை மழை தூறிவிட்டுப் போனது; ஊன்ற விதை இல்லை. ஆடி மாதம் பெருமழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பிடித்து நிறுத்த ஒரு வேர் இல்லை. முதல் நாள் சாம்பல் கரைந்து ஓடை கறுப்பாகப் போனது. இரண்டாம் நாள் மண் இறங்கியது. மூன்றாம் நாள் சரிவே இறங்கியது. செவத்தி குட்டிகளைக் கவ்விக்கொண்டு பாறை உச்சியில் நடுங்கியபடி எல்லாவற்றையும் பார்த்தது.

மழை விட்டபோது குளம் இருந்த இடத்தில் சேறு நின்றது. மீன்கள் செத்து மிதந்தன. நீர்நாய்களுக்கு வீடில்லை. நாணல் புதைந்துவிட்டது. குளக்கரை மரங்களும் அழுகத் தொடங்கின. களஞ்சியத்துக்குப் பாதி வரவு தீயோடு போயிருந்தது. மற்ற பாதி இப்போது சேற்றோடு போனது. பன்றிகள் அசலைக் கேட்டு ஆள் அனுப்பின.

ஒரு வாரம் கழித்துத் தலைவரும் கணக்கரும் மேலே வந்தார்கள். கணக்கரின் கழுத்தில் மாலை இல்லை.

"செவத்தி, உன்கிட்ட விதை ஏதாவது மிச்சமிருக்கா?" என்று கணக்கர் இளித்தது. "ஒரு கூடைக்குப் பத்துக் கூடை தர்றோம். கடனாத்தான். அடுத்த விளைச்சல்ல திருப்பிடுவோம்."

"இருக்கே!" என்றது செவத்தி.

"எங்க? எங்க?"

"உங்க வயித்துல!"

கணக்கர் பின்வாங்கியது. செவத்தி விடவில்லை. அத்தனை நாள் அடக்கிய கோபமெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது.

"இருபது கூடைக் கூலியை மிச்சம் பிடிச்சு அறுநூறு மரத்தை எரிச்சீங்க. அறுபது கூடை விதையைப் பிடுங்கிக் குளத்தை மூடினீங்க. இப்ப எங்கிட்டயே வந்து விதை கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

தலைவர் கொம்பைத் தாழ்த்தியது. "தப்பு என்னோடதும்தான் தாயி. நிழலைப் பார்த்து ஓடினேன். இப்ப என்ன செய்யணும்? சொல்லு."

செவத்தி கீழே பார்த்தது. சேறு நிறைந்த குளம் தெரிந்தது.

"அங்க கிடக்கிறது எங்க மண்ணு. எரிஞ்ச சாம்பல் கலந்த நல்ல மண்ணு. அதை ஒரு கூடை விடாம மேல கொண்டாந்து போடுங்க. எங்க மண்ணு எங்களுக்கு வந்து சேரும், உங்க குளமும் தூர் வாரினதாகும். மண்ணு மறுபடி இறங்காம வெள்ளத்தாயி கூட்டம் குறுக்குவரப்பு போட்டுத் தரும். கூலியை முதல்லயே கொடுத்துடுங்க. விதைக்கு நீங்கதான் மலை மலையா அலையணும். குளக்கரை, சரிவுன்னு பார்க்காம எல்லாரும் சுமக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வருஷமாவது ஆகும். காய்க்கிறதுக்குள்ள என் குட்டிங்க கிழடாயிடும்."

மறுநாள் சேறு சுமக்கிற வரிசை குளத்திலிருந்து சரிவு வரைக்கும் நீண்டது. முதல் கூடையைத் தலைவர் கொம்பில் மாட்டிக்கொண்டு ஏறியது. கரடி முனகிக்கொண்டே ஏறியது. நீர்நாய்கள் இரண்டு பேருக்கு ஒரு கூடையாகத் தூக்கின. கணக்கர் மட்டும் வழியில் ஒரு கல்மேல் ஏறி உட்கார்ந்து, போகிற கூடைகளை "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று விரல் விட்டுக்கொண்டிருந்தது.

செவத்தி ஒரு காலிக் கூடையைக் கொண்டுபோய் அதன் மடியில் வைத்தது.

"எண்ணினது போதும், தூக்குங்க!"

நெருப்பில் எல்லாம் இழந்தவர்களிடம் மிஞ்சிய விதையையும் பிடுங்கிக் களஞ்சியத்தை நிரப்பப் பார்க்கும் அரசு, ஒரு வருடத்துக் குறையை மறைக்கப் போய், வரப்போகிற வருடங்களின் வரவையெல்லாம் தன் கையாலேயே அழித்துக்கொள்ளும்.